பைக்காரா போகும் வழியில்

2023 பிப்ரவரி. ஊட்டியில் ஒரு நட்சத்திர விடுதியில், தொழில்நுட்ப நிறுவன மேலாளர்களுக்கு இரண்டு நாள் தலைமைத்துவ மாநாடு. முந்தைய மாதம்தான் மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் கூகுள் 12,000 பேரையும் குறைக்கப்போவதாக அறிவித்திருந்தன. என் மடிக்கணினியில் இருந்த பட்டியலில் ஆறே பெயர்கள். திங்கட்கிழமை அவர்களிடம் சொல்ல வேண்டும். அதுவரை மூச்சு விடக் கூடாது.

ஆறு பேர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கச் சொன்ன நிறுவனம்தான் மாநாட்டுக்கும் எனக்குப் பணம் கட்டியிருந்தது. இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்கலாம் என்று பார்த்தேன். தேநீர் இடைவேளையில் பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அவரிடமும் ஒரு பட்டியல் இருந்திருக்கும்.

காலை அமர்வில் கோடாக் கதை வந்தது. கல்யாணப் பந்தியில் பாயசம் போல, எங்கள் துறை மாநாடுகளில் அது வராமல் இருக்காது. 1975-இல் கோடாக் பொறியாளர் ஸ்டீவ் சாசன் டிஜிட்டல் கேமராவைச் செய்து காட்டினார். மேலிடம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2012 ஜனவரியில் திவால் மனு. மாறாதவன் அழிவான் என்று முடித்தார் பேச்சாளர். கைதட்டினோம். நானும்தான்.

மதியம் பைக்காராவில் படகுச் சவாரி. வண்டி கூடலூர் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார்.

"இதுதான் சார் எச்.பி.எஃப். எங்கப்பா இங்கதான் வேலை பார்த்தாரு."

ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த பொதுத்துறை நிறுவனம். ஃபிலிம் செய்யத் தூசில்லாத காற்றும் குளிர்ச்சியும் வேண்டும். இரண்டும் இந்த மலையில் இருந்தன. கறுப்பு வெள்ளை ஃபிலிம், போட்டோத் தாள், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் இங்கிருந்து இறங்கின. பக்கத்தில் எழுந்த குடியிருப்புக்கும் இந்து நகர் என்றே பெயர். இந்து என்றால் நிலா. வெள்ளி உப்பு கலந்த பசையைப் பூசுவதும், பூசியதை வெட்டுவதும் இருட்டிலேயே நடக்க வேண்டிய வேலைகள்.

"கரண்ட் போனா எங்க வீட்டுல அப்பா மட்டும் மெழுகுவத்தி தேட மாட்டாரு சார்," என்றார் ஓட்டுநர். "இருட்டுலயே எந்திரிச்சுப் போயி தண்ணி மோந்து குடிச்சிட்டு வந்து படுத்துக்குவாரு."

படகில் ஏறிய பிறகும் காலையில் கேட்ட கதை நெருடிக்கொண்டே இருந்தது. எச்.பி.எஃப். மாறாமல் உட்கார்ந்திருந்த நிறுவனம் அல்ல. பாலியஸ்டர் அடிப்படையிலான எக்ஸ்ரே ஃபிலிமுக்கென்று பெருங்கடன் வாங்கிப் புதிய ஆலையே கட்டினார்கள். அன்றைக்கு அதுதான் புதுமை. 1991-க்குப் பிறகு கதவு திறந்து வெளிநாட்டு ஃபிலிம் வந்தது, கடனுக்கு வட்டி ஏறியது. 1996-இல் நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. விருப்ப ஓய்வுத் தொகுப்புக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2014-இல். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் உலகம் ஃபிலிமையே மறந்துவிட்டது. மாறியும் மூழ்கிய இந்தக் கதை, மாநாட்டு அரங்கிலிருந்து சில கிலோமீட்டரில் பூட்டிக் கிடந்தது. இதை யாரும் திரையில் போட்டுக் காட்டவில்லை. காட்டியிருந்தால் எதற்குக் கைதட்டுவது என்று எங்களுக்கே குழப்பமாகியிருக்கும்.

இரவு அறையில் பட்டியலைத் திறந்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'காரணம்' என்று ஒரு கட்டம். ஊட்டிக்குக் கிளம்பும் முன்பே நிரப்பியிருந்தேன். 'புதியன கற்கும் வேகம் போதாது' என்று மூன்று பேருக்கு. அந்த மூவரில் ஒரு பெண், நாங்கள் சொன்னோம் என்பதற்காக, முந்தைய ஆண்டு முழுக்க சனிக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு புதிய மென்பொருளைக் கற்றவள். அவள் கற்று முடித்த சமயம் அந்தத் திட்டத்தையே நாங்கள் கைவிட்டோம்.

அழிகிறவர்கள் எல்லாம் மாறாதவர்கள்தான் என்றால், அனுப்பப்படுகிறவர்களிடமும் ஏதாவது ஒரு குறை இருந்தாக வேண்டும். கோடாக் கதை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அந்தக் கட்டத்தை நிரப்ப அது கைகொடுத்தது.

எழுதியதை அழித்தேன். காலியாக விட்டால் படிவம் சேமிக்க மறுத்தது. 'திட்டம் நிறுத்தப்பட்டது, இவர் தவறு ஏதுமில்லை' என்று ஆறு பேருக்கும் போட்டேன். இதனால் யாருடைய வேலையும் மிஞ்சப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். பெரிய துணிச்சல் என்றும் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆறில் ஒன்றையாவது காப்பாற்ற நான் வாதாடவில்லை.

மறுநாள் கிளம்பும்போது, பழக்கதோஷத்தில், குழுவுக்கென்று இரண்டு கிலோ வர்க்கி வாங்கினேன். திங்கட்கிழமை காலை பொட்டலம் என் மேஜை மேலேயே இருந்தது. முதலில் அந்தப் பெண்ணைத்தான் கூப்பிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள், நான் வாய் திறப்பதற்குள் பொட்டலத்தைப் பார்த்துவிட்டாள்.

"வர்க்கியாண்ணா? எல்லாரையும் கூப்பிடவா?"