மீண்ட உயிரும் மதுவும்

நோயினின்று மீண்டவர் தம் உயிரைத் தம் விருப்பப்படி செலவிடலாமா என்பது பழைய வினா. பதுளை, பசறை, லுணுகலைத் தோட்டங்களில் அவ்வினா மதுவோடு பிணைந்து எழுகின்றது.

முதற்கண் உடலின் நிலையை நோக்குவோம். மார்பகப் புற்றுநோய், குருதிப் புற்றுநோய் முதலியவற்றுக்கு அளிக்கப்படும் டொக்சோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையை நலிவுறச் செய்யக்கூடியன. இக்கேடு சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளின் பின்னரும் வெளிப்படுவதுண்டு. மிகுதியாக அருந்தும் மதுவும் அதே தசையைத் தளர்த்தும், குருதியமுக்கத்தை உயர்த்தும். இலங்கை ஆடவரிடையே மிகுந்து காணப்படும் வாய்ப்புற்றுநோய்க்கு வெற்றிலை, புகையிலையோடு மதுவும் காரணமாகும். சிறிதளவு மது இதயத்துக்கு நன்று என்ற கருத்து நெடுங்காலம் நிலவிற்று. பாதுகாப்பான அளவு எதுவும் இல்லையென உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது.

எனின், அருந்துபவரைப் பழித்தல் அறமாகுமா? லயத்து அறையில் வாழ்ந்து, மலைச்சரிவிற் குளிரிலும் மழையிலும் உழைத்தவருக்கு உடல்நோவை மறக்கச் சாராயமும் கசிப்புமே எளிதிற் கிட்டின. ஆங்கிலேயர் ஆட்சியிற் சாராயக் குத்தகை அரசின் பெருவருவாய்களுள் ஒன்று. இன்றும் மதுவரி திறைசேரியைச் சேர்கின்றது. விற்பவரும் வரி பெறுபவரும் குற்றமற்றோராய் நிற்க, அருந்துபவர் மட்டும் குற்றவாளியாதல் முறையன்று.

ஆயினும் இந்நியாயம் அவரை முற்றாக விடுவிக்காது. அவர் உயிரை மீட்டவை பொதுமக்கள் பணத்தில் நடக்கும் இலவச வைத்தியமும், கொழுந்து பறித்த கூலியில் மிச்சம்பிடித்து மகரகமைவரை உடன்சென்ற உறவுமாகும். பலர் கூடி மீட்ட உயிரிற் பலருக்கும் பங்குண்டு. வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில் வைத்தமை இவ்விடத்துக் கருதத்தக்கது. மது தனியொருவர் ஒழுக்கத்தோடு முடிவதன்று. நாட்டு வாழ்வையும் தொடுவது.

எனவே கடன் இருபாலதாகின்றது. விடுதல் மீண்டவரின் கடன். விடுவதற்குத் துணைநிற்றல் ஏனையோர் கடன். நெடுங்காலம் மிகுதியாக அருந்தியவர் திடீரென நிறுத்தின் வலிப்பும் மனக்குழப்பமும் நேரலாம். உயிருக்கே இறுதி வரலாம். ஆதலின் "குடியாதே" என்னும் வெற்றுக் கட்டளையே தீங்காய் முடிதல் கூடும். பெற்ற மருந்து யாது, அது இதயத்தை என்செய்யும் என்பவற்றை அவருக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்து, இதயத்தைக் காலந்தோறும் சோதித்து, வைத்தியத் துணையோடு மதுவை விடச்செய்தல் வேண்டும். இவற்றைச் செய்யாத சமுதாயம் அவரைக் கண்டிக்கும் உரிமையை இன்னும் பெற்றிலது.