பிழையே காட்டாத பிழை

பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குக் கணினி படிக்க வரும் தோட்டத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். விண்டோஸ் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிய சி நிரல், லினக்ஸில் ஏறியதும் நின்றுவிடும். பல தடவை குற்றவாளி, ஹேஷ் குறியோடு தொடங்கும் வரிதான்.

அந்த வரிகளைக் கையாள்வது பிரீபிராசஸர். கோப்பை இழுத்துச் சேர்ப்பது, பெயருக்குப் பதில் மதிப்பை வைப்பது, வேண்டாத பகுதியை வெட்டுவது அதன் வேலை. #இன்க்ளூட், #டிஃபைன், #இஃப் மூன்றும் 1989 அன்சி தரத்திலேயே உள்ளவை, எங்கும் செல்லும். ஆனால் டர்போ சி பழக்கத்தில் சேர்க்கும் கோனியோ ஹெடர் தரத்தில் இல்லை. லினக்ஸில் ஜிசிசி கம்பைலர் அதைத் தேடிக் கிடைக்காமல் நிற்கும். #வார்னிங் வரியை ஜிசிசி நெடுங்காலமாக ஏற்கிறது; தரத்துக்குள் வந்ததோ சி23 பதிப்பில்தான். பழைய விசுவல் சி கம்பைலர் அதைக் கண்டதும் கம்பைல் செய்வதையே நிறுத்திவிடும்.

இவை பரவாயில்லை, பிழை கண்முன் தெரிகிறது. நான் அஞ்சுவது பிழையே காட்டாத இடத்துக்கு. #இஃப் வரியில் வரையறுக்கப்படாத பெயர் வந்தால் அதைப் பூச்சியமாக எடுக்க வேண்டும் என்பது சி மொழியின் விதி. எண்ணின் பைட்டுகள் எந்த வரிசையில் நினைவகத்தில் கிடக்கின்றன என்று சொல்ல ஜிசிசி, க்ளாங் கம்பைலர்கள் தாமாகவே சில பெயர்களை வரையறுக்கின்றன. ஒன்று இந்தக் கணினியின் வரிசை. இன்னொன்று 'பெரிய இடமதிப்புள்ள பைட் முதலில்' என்பதன் அடையாளம். இரண்டும் சமமா என்று நிரலில் ஒரு #இஃப் வரி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசுவல் சி இரண்டையும் வரையறுப்பதில்லை. பூச்சியமும் பூச்சியமும் சமம், விடை 'ஆம்'! சிறிய இடமதிப்புள்ள பைட் முதலில் வரும் சாதாரண இன்டெல் கணினியை நிரல் தலைகீழாக எடுத்துக்கொள்கிறது. கம்பைல் ஆகும், ஓடும்; கோப்பிலிருந்து படித்த எண்கள் மட்டும் தாறுமாறாக வரும்.

ஆகவே பெயர் வரையறுக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் #இஃப்டெஃப் போட்டுக் கேளுங்கள். ஜிசிசியில் '-Wundef' எச்சரிக்கையைப் போட்டுக்கொண்டால் #இஃப் வரியில் வரும் வரையறுக்கப்படாத பெயர்களை அதுவே காட்டிக்கொடுக்கும். கம்பைலரின் பெயரைப் பார்த்து முடிவெடுப்பதும் நம்பத்தக்கதல்ல: ஜிசிசிக்கான அடையாளப் பெயரைக் க்ளாங்கும் வரையறுத்து, தன்னை 4.2.1 பதிப்பு என்று சொல்லிக்கொள்ளும். கம்பைலருக்குக் கம்பைலர் மாறும் வரிகளை நிரல் முழுக்கச் சிதறவிடாமல் ஒரே ஹெடருக்குள் வையுங்கள்.

ஜிசிசி, க்ளாங் இரண்டும் இலவசம், விண்டோஸிலும் ஓடும். ஒப்படையைக் கொடுக்குமுன் இரண்டிலும் ஒருமுறை கம்பைல் செய்து பாருங்கள் பிள்ளைகளே.