குலுக்கலில் விழாத பெயர்கள்

ஹைதராபாத்தின் கிழக்கே இருக்கும் உப்பலை வெளியூர்க்காரர்கள் கிரிக்கெட் மைதானத்தை வைத்துத்தான் அறிவார்கள். அங்கே குடியிருப்பவர்களுக்கு நாற்சந்தி நெரிசலும், சந்தியைச் சுற்றிலும் தொங்கும் ஃபிளெக்ஸ் பேனர்களும்தான் உப்பல். பேனர்களில் சீருடை அணிந்த பிள்ளைகளின் முகங்கள். முகத்துக்குக் கீழே ரேங்க் எண். 'டெக்னோ', 'ஒலிம்பியாட்', 'ஐஐடி ஃபவுண்டேஷன்' என்ற சொற்கள் இல்லாமல் இங்கே ஒரு தனியார் பள்ளி கடை விரிப்பது கடினம்.

அங்கிருந்து அம்பர்பேட்டை நோக்கிப் போனால் ராமந்தாபூர். நகரில் ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூல் என்ற பெயர் தாங்கிய இரு பள்ளிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. மூத்தது பேகம்பேட்டையில். 1923இல் நிலமானியம் பெற்ற ஜாகிர்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட கல்லூரி அது. ஜாகிர் முறை ஒழிந்த பிறகு பப்ளிக் ஸ்கூல் ஆனது. மைக்ரோசாஃப்டின் சத்யா நாதெள்ளா படித்தது அங்கேதான். இவ்விரு பள்ளிகளிலும் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளுக்கு முதல் வகுப்பில் சில இடங்களை அரசு தன் செலவில் வாங்கித் தருகிறது. கேட்பவர்கள் அதிகம், இடங்கள் கொஞ்சம். ஆகவே சீட்டுக் குலுக்கல்.

பெற்றோர் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு பெயர் வாசிக்கப்படுகிறது. ஒரு குடும்பம் சிரிக்கிறது, மற்றவர்கள் அடுத்த பெயருக்குக் காதைத் தீட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஐந்து வயதுக் குழந்தையின் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளை ஒரு துண்டுச் சீட்டு தீர்மானிப்பது அறமா?

குலுக்கலை முதலில் பாராட்டிவிட வேண்டும். அதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது தேர்வு. ஐந்து வயதில் தேர்வு வைத்தால் விடை எழுதுவது குழந்தை அல்ல, அதன் வீடு. ஆங்கிலம் பேசும் தாயும் பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும் தந்தையும் வாய்த்த பிள்ளை வெல்லும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கைக்கு எந்த வடிகட்டலும் கூடாது என்று தடுத்ததற்குக் காரணம் இதுதான். சீட்டுக்குச் சிபாரிசு தெரியாது, யாருடைய காரில் வந்து இறங்கினார்கள் என்பதும் தெரியாது.

தமிழர்களுக்கு இது பழகிய முறைதான். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர் நிர்வாக வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையை விரிவாகச் சொல்கிறது. ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டின் மறுபாதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. வாரியப் பொறுப்பு ஓராண்டுக்குத்தான். அண்மையில் பொறுப்பில் இருந்தவர் பெயரை மீண்டும் குடத்தில் இட முடியாது. இந்த ஆண்டு ஓலை வராதவனுக்கு வரும் ஆண்டுகளில் வரலாம். முறைவைத்துச் சுற்றி வந்ததால்தான் அங்கே குலுக்கல் நியாயமாக இருந்தது. முதல் வகுப்புக்கு அப்படி ஒரு சுற்று இல்லை. விழாத பெயருக்கு அடுத்த ஆண்டு ஆறு வயது ஆகிவிடும்.

குலுக்குகிற கை சுத்தமாக இருக்கலாம். குலுக்க வேண்டிய நிலை எப்படி வந்தது என்பதற்கு அந்தச் சுத்தம் பதில் ஆகாது. நல்ல பள்ளி அரிதாக இருப்பது மழை பொய்த்தது போன்ற இயற்கை நிகழ்வா? அரிதாக வைத்திருக்கிறோம். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு, அந்தந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பள்ளியில் படிக்கும் பொதுப்பள்ளி முறையைப் பரிந்துரைத்தது. பரிந்துரை நூலகத்துக்குப் போனது. அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் பொறுக்கியெடுக்கும் திட்டங்கள். 2022இல் ஒன்றிய அரசு அறிவித்த பிஎம் ஸ்ரீ, நாடு முழுவதும் 14,500 பள்ளிகளை மட்டும் மாதிரிப் பள்ளிகளாக்குவது. தெலங்கானாவின் யங் இந்தியா ஒருங்கிணைந்த உறைவிடப் பள்ளிகள், வளாகத்துக்கு ஏறத்தாழ 200 கோடி ரூபாய் என்ற கணக்கில் எழுகின்றன. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடம் என்ற கல்வி உரிமைச் சட்டத்தின் விதியோ, 2012இல் உச்ச நீதிமன்றமே அது செல்லும் என்று சொல்லியும், சட்டம் வந்து பத்தாண்டுகள் கடந்த பின்னும் தெலங்கானாவில் செயலுக்கு வராமல் கிடந்தது. தமிழ்நாட்டில் நடக்கிறது. ஆனால் ஒன்றிய அரசு நிதியை நிறுத்தி வைத்ததில் 2025ஆம் ஆண்டுச் சேர்க்கை மாதக்கணக்கில் தள்ளிப்போனது. இரு அரசுகளின் சண்டையில் காத்திருந்தவர்கள் எல்.கே.ஜி. வயதுக் குழந்தைகள்.

முழுமையான கல்வி என்ற பேச்சையும் இங்கேதான் உரசிப் பார்க்க வேண்டும். 2020 தேசியக் கல்விக் கொள்கை அதைப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. நடைமுறையில் என்ன? கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் நூலகமும் விளையாட்டிடமும் வேண்டும் என்கிறது. ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்கு அது கேட்பதோ பகுதிநேரப் பயிற்றுநர்களைத்தான்; அதுவும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் மட்டும். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்குப் பாட்டும் படமும் சட்டப்படியே தேவையில்லை போலும்! பெரிய பள்ளியில் அவை கட்டணத்துக்குள் அடக்கம். சீட்டு விழாத குழந்தை பெரும்பாலும் போவது, பெற்றோர் கூலியில் கட்டணம் கட்டும் மாடிக் கட்டடப் பள்ளிக்கு. ஓடுவதற்கு அங்கே மொட்டை மாடிகூடக் கிடைக்காது.

அதற்காகக் குலுக்கலையே நிறுத்து என்பது அறமாகாது. இன்று கிடைக்கும் அந்தச் சில இடங்களைக் கொள்கைத் தூய்மைக்காக ஒரு குழந்தையிடமிருந்து பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. 'எல்லோருக்கும் கிடைக்கும்வரை உனக்கும் வேண்டாம்' என்று சொல்பவரின் பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் குலுக்கல் முடிந்ததும் அரசின் கையில் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. வென்றவர்களுக்கு ஆண்டுதோறும் கட்டணம் போகிறது, கோப்பு இருக்கிறது, பொறுப்பு அதிகாரி இருக்கிறார். விழாதவர்களின் பெயர், முகவரி, வருமானம், சாதி அத்தனையும் விண்ணப்பத்திலேயே இருந்தும் அந்தப் பட்டியலுக்கு வேலை இல்லை. அந்தக் குழந்தைகள் எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள், அங்கே நூலகம் திறந்திருக்கிறதா, விளையாட இடம் உண்டா என்று ஆண்டுக்கொரு முறை விசாரித்து, பதிலைப் பெயர் குறிப்பிடாமல் வெளியிட ஒரு மாவட்ட அலுவலகத்தால் முடியும். செலவும் அதிகமில்லை. வளாகத்துக்கு 200 கோடி ஒதுக்கும் அரசு, அடுத்த ஒதுக்கீடு எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்பதை அந்தப் பதில்களிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.