எறிந்ததும் ஏற்றதும்

கடந்த ஆண்டு சித்திரைத் திங்களில், கொடைக்கானலில் அரசுப் பணியிலிருக்கும் மருமகன் இல்லத்தில் ஒரு மாதம் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. மலைக்குளிர் முதுமைக்கு ஒவ்வாதே என்று அஞ்சிச் சென்ற யாம், குளிரை மறந்து வேறொரு கவலையுடன் திரும்பினோம். அதனை வாசக அன்பர்களிடம் சொல்வது நலமென்று தோன்றிற்று.

பெயரனுக்கு வயது பன்னிரண்டு. பள்ளி விடுமுறையில் அவன் செய்த வேலை, பழைய வீடுகளின் கீழ்ச்சரிவுகளில் கண்ணாடி தேடுவது. அமெரிக்கக் கிறித்தவ ஊழியர் 1845ஆம் ஆண்டில் அங்கு முதல் வீடுகளைக் கட்டினர். பின்னர் ஆங்கில அதிகாரிகளும் வந்தனர். அந்நாளில் குப்பை வண்டி ஏது? தீர்ந்ததும் உடைந்ததும் பள்ளத்தில் எறியப்பட்டன. மரமாயின் மக்கியிருக்கும், இரும்பாயின் துருவேறிக் கரைந்திருக்கும். கண்ணாடி அவ்வாறன்று, மழை மண்ணை அரிக்குந்தோறும் அன்று எறிந்தபடியே வெளிப்படுகிறது. கோலி சோடாப் புட்டியின் கழுத்து, மருந்துக் குப்பி, மைக்கூடு எனப் பலவற்றை அவன் சாளரத்தில் வரிசையாக வைத்திருந்தான். அவற்றுள் ஒரு குப்பி மெல்லிய ஊதா நிறம். பச்சைச் சாயல் நீங்கும்பொருட்டு அக்காலத்தில் கண்ணாடியில் மாங்கனீசு சேர்ப்பர். பல்லாண்டு வெயிலில் கிடந்தால் அது ஊதாவாக மாறும். இதை அவனுக்குச் சொன்னபோது பழைய வகுப்பறைக்கே திரும்பியதுபோல் மகிழ்ந்தோம்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. "பாட்டி, இதையெல்லாம் நான் எடுத்து வந்தது திருட்டா?" என்று கேட்டான். விடை தெரியாத வினாவுக்கு மறுநாள் விடை சொல்வதாகக் கூறு, மறுநாள் தவறாமல் சொல் என்பது ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கிடைத்த பாடம். அவ்வாறே கூறினோம்.

சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டகம், பிறர் வைத்த பொருளையும், தவறி விழுந்ததையும், மறந்து விட்டதையும் உடையவர் கொடாமல் கொள்ளாதிருப்பதே கள்ளாமை என்கிறது. குப்பியோ மறந்து விடப்பட்டதன்று, வேண்டாவென்று எறியப்பட்டது. ஆதலின் திருட்டன்று என்று மறுநாள் விடையிறுத்தோம். அவன் விடவில்லை. "அப்படியானால் மணியின் காலில் குத்திய கண்ணாடிக்கு யார் பொறுப்பு? எறிந்தவர்தாம் அது தம்முடையதில்லை என்கிறாரே!"

மணி என்பது நாயின் பெயர். பக்கத்து வீட்டில் குடியிருந்தோர் வளர்த்தது. அவர்கள் வீட்டைக் காலி செய்தபோது சாமான்களை ஏற்றிச் சென்றனர், நாயை விட்டுச் சென்றனர். அது எம் மகள் வீட்டு வாயிலில் வந்து படுத்துக்கொண்டது. பெயரனோடு சரிவில் இறங்கிய நாளில் முன்காலில் கண்ணாடி ஏறி, மூன்று தையல் போட நேர்ந்தது.

அவ்வினா எம்மை உறுத்தியது. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் இறுதியானது கழிவைப் பற்றியது. கழிப்பதை உயிரில்லா இடம் பார்த்தே கழிக்க வேண்டும். அனைத்தையும் துறந்தவர்க்கே விட்ட பொருளின்மேல் இவ்வளவு கவனம் விதிக்கப்பட்டிருக்க, இல்லறத்தார் எறிவதைத் துறப்பதாக எண்ணிக்கொள்கிறோம். பொருளின்மேல் உரிமை நீங்கலாம். அது செய்யும் தீங்கு நீங்குமோ?

கொடைக்கானல் இதற்குப் பெருஞ்சான்று. பாம்பாறு சோலையை அடுத்து இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடி, பாதரசம் படிந்த நிலையில் 7 டன்னுக்கு மேல், 2001ஆம் ஆண்டு மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆலை அவ்வாண்டே மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா சென்றது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது 2016இல்தான். நம் பெயரன் கண்டெடுத்த மைக்கூடும் அதுவும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் இரண்டிலும், விட்டவர் கண்ணுக்கு மறைந்ததும் கணக்குத் தீர்ந்ததென்ற எண்ணம் ஒன்றே. காட்டில் எறியப்படும் மதுப்புட்டிகளால் யானைகளின் கால் புண்படுவது கண்டு சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதும், 2022இல் முதலில் நீலகிரியில், புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, வெறும்புட்டி திரும்பியதும் அதனைத் தரும் முறை வந்ததும் அன்பர்கள் அறிவர். மதுவே வேண்டா என்பது நம் கொள்கை, அது வேறு.

இனி நாயின் உணவு. மகள் அதற்குத் தயிர்ச்சோறே இட்டுவந்தாள். நாய் மெலிந்தது, உணவு விடுதிகளின் பின்புறம் சென்று எலும்பு கவ்வி வரலாயிற்று. "ஊன் வாங்கி ஊட்டுவதா, வெளியே அனுப்பிவிடுவதா?" என்று எம்மைக் கேட்டாள். பூனை போன்ற ஊனுண்ணிகளை வளர்ப்பதைப் பயனில்லாத் தீங்கோடு சேர்த்த நூல்களும் நம்மிடம் உண்டு. வளர்க்கும் உயிருக்கு உணவும் நீரும் மறுப்பது கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரம் என்ற விதியும் உண்டு. முதலாவதை யாம் ஒருமுறை கையாண்டிருக்கிறோம். எம் மாமியார் வந்தவாசியில் நாள்தோறும் கொல்லைப்புறத்தில் ஒரு நாய்க்குச் சோறு வைப்பார். அவர் மறைந்தபின், அது எலி பிடிக்கிறது, அதன் வினையில் நமக்குப் பங்கு வேண்டா என்று நூலைக் காட்டிக் கதவைச் சாத்தினோம். எட்டு நாள் வாசலில் நின்றது. ஒன்பதாம் நாள் காணவில்லை. சீவகன் கதையைப் பாடமாகப் பலமுறை நடத்தியவர் யாம்! சோற்றைத் தீண்டியதற்காக அடியுண்டு சாகக் கிடந்த நாயின் செவியில் மந்திரம் ஓதியவன், அது நேற்று என்ன தின்றது என்று வினவவில்லை. அந்நாயே சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று.

ஆகவே மகளிடம் நூல் கூறாது, கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பூனை ஊனின்றி வாழ்வது அரிது. நாய் அப்படியன்று என்றார் அவர். மனிதரோடு நெடுங்காலம் வாழ்ந்த நாய்க்கு, ஓநாயினும் மிகுதியாக மாப்பொருளைச் செரிக்கும் திறன் மரபணுவிலேயே அமைந்திருப்பதை 2013இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஆனால் வெறும் தயிர்ச்சோறு போதாது. பருப்பு மிகுதியாகச் சேர்த்துக் குழைய வெந்த சோறு அல்லது கேழ்வரகுக் களி, பன்னீர், மருத்துவர் எழுதித் தரும் சத்து மருந்து, இடையிடையே எடை பார்த்தல் ஆகியன வேண்டும். திராட்சையும் சாக்லேட்டும் கூடா. நோன்பு நாட்களில் நாம் விலக்கும் வெங்காயமும் பூண்டும் அதற்கு என்றுமே கூடா. செலவும் உழைப்பும் ஊன் வாங்குவதினும் கூடுதல். அவ்வுழைப்புக்கு அஞ்சித்தான் நம்மிற் பலர் எஞ்சிய சோற்றைக் கொட்டிவிட்டு அதற்குச் சீவகாருண்யம் என்று பெயரிடுகிறோம் போலும். இதில் எம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஒரு திங்களில் நாய் சற்றுத் தேறியது. எலும்பு கவ்வுவதை முற்றும் விட்டதா எனின், இல்லை.

பெயரன் இப்போது தடித்த கையுறையணிந்து, கூரிய துண்டுகளைச் சாக்கில் கட்டிக் காயலான் கடையில் சேர்க்கிறான். ஊதாக் குப்பியை மட்டும் வைத்துக்கொண்டான். யாம் புறப்படும் நாளில், மருமகனுக்கு ஆனித் திங்களில் பணிமாற்றம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. "அப்போது மணி?" என்றான் பெயரன். எவரும் வாய் திறக்கவில்லை. மலைக்குளிரில் வளர்ந்த நாய்க்கு வந்தவாசி வெயில் ஒத்துக்கொள்ளுமா என்று மருத்துவரைக் கேட்டு எழுதும்படி மருமகனிடம் சொல்லி வந்தோம். கொல்லைப்புறக் கதவின் தாழ் துருப்பிடித்திருந்தது. ஊர் வந்து சேர்ந்ததும் அதற்கு எண்ணெயிட்டோம்.