முகத்துவாரத்தில் காத்திருக்கும் கடல்



இன்று கல்லறைத் திருநாள். மாலையில் நம்மில் பலர் பூவும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு குவிபிள் தீவுக் கல்லறைக்குப் போவோம். அதை ஏன் தீவு என்கிறோம் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? இப்போது சுற்றிலும் சாலையும் கட்டடங்களும்தான் தெரிகின்றன. ஆனால் ஒரு காலத்தில் அது அடையாற்றின் கழிமுகத்தில் இருந்த தீவு. நம் அப்பா அம்மா, தாத்தா பாட்டி எல்லாரும் ஓர் ஆற்றின் மடியில்தான் உறங்குகிறார்கள்.

அந்த ஆற்றை நாம் எப்படிக் கடக்கிறோம்? மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோம். நானும் அப்படித்தான். ஒருமுறை ஒரு பெரியவருக்கு நோயில்பூசுதல் கொடுக்க ஆட்டோவில் போனேன். கோட்டூர்புரம் பாலம் வந்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடினேன். ஓட்டிய தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஃபாதர், இது நம்ம வீடுகள்ல இருந்து வர்றதுதானே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றுவரை அந்தக் கேள்வியோடுதான் அந்தப் பாலத்தைக் கடக்கிறேன்.

அடையாறு சின்ன ஆறு. மொத்த நீளமே ஏறத்தாழ 42 கிலோமீட்டர். காவிரிபோல மலையில் பிறந்ததும் இல்லை. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரில் பிறந்தது. திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் வந்து சேர, விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு அடியில் நுழைந்து, நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் தாண்டிக் கடலுக்கு வருகிறது. நம் முன்னோர் வெட்டிய ஏரிகளில் ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு வழியும்; கடைசி ஏரியும் நிறைந்தால் ஆறாகும். தனக்குப் போதும் என்று ஏரி விட்டுக்கொடுத்த தண்ணீர்தான் இந்த ஆறு. ஆண்டவருடைய இரக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஏரிகள்தான் நினைவுக்கு வரும்.

சின்ன ஆறு என்று இகழ்ந்த ஒருவரை நீங்கள் அறிவீர்கள். சிரியாவின் படைத்தளபதி நாமான். தொழுநோயோடு வந்தவரை யோர்தானில் ஏழு முறை மூழ்கச் சொன்னார் இறைவாக்கினர் எலிசா. நாமானுக்குக் கோபம் வந்தது. தமஸ்குவின் ஆறுகளோடு ஒப்பிட்டால் இது ஓர் ஆறா என்று திரும்பிப் போகப் பார்த்தார். கூட வந்த ஊழியர்கள் கெஞ்சியிராவிட்டால், குணமாகாமலே ஊர் திரும்பியிருப்பார். கடவுள் நம்மைச் சந்திக்கத் தேர்ந்த இடம் நமக்குப் பிடிக்காத இடமாக இருந்தால் என்ன செய்வோம்?

நம் விசுவாசமே இந்த அடையாற்றின் கரையில்தான் வளர்ந்தது. ஆற்றுக்குப் பக்கத்தில், சின்னமலைக் குகையில் திருத்தூதர் தோமா மறைந்திருந்தார் என்பது நம் மரபு. அங்கே 1551-இல் போர்த்துக்கீசியர் ஆலயம் எழுப்பினார்கள். பிறகு கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர், சைதாப்பேட்டையில் ஆற்றின் குறுக்கே 1726-இல் தன் சொந்தச் செலவில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்கு ஏறும் படிகளையும் அவர்தான் அமைத்தார். பழைய பாலம் இன்று இல்லை. அவர் வைத்த கல்வெட்டு மட்டும் சாலையோரம் நிற்கிறது. வாகன நெரிசலில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. மற்றவர்கள் கால் நனையாமல் இறைவேண்டலுக்குப் போகட்டும் என்று பணம் செலவழித்த மனிதருக்காக ஒரு நிமிடம் செபியுங்கள். அவரும் இறந்த விசுவாசிகளில் ஒருவர்தானே.

தோமாவை நாம் சந்தேகப்பட்டவர் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கோ அவர் காயத்தைத் தொடத் துணிந்தவர். ஆண்டவர் தம் காயங்களை மூடி மறைக்கவில்லை. கையை நீட்டித் தொடச் சொல்லி அழைத்தார். அந்தத் திருத்தூதரின் பிள்ளைகளாகிய நாம், நம் வாசலில் இருக்கும் காயத்தைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொள்ளலாமா?

இனி முகத்துவாரத்துக்கு வருவோம். அங்கே நடப்பதைப் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்து மீனவக் குடும்பங்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். நம் கரையோரமாகக் கடல் ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டே போகிறது. கோடையில் ஆற்றில் வேகம் இருக்காது. அப்போது அந்த மணல் ஆற்றின் வாயில் ஒதுங்கி மேடாகிவிடும். ஒரே நாளில் அடைவதில்லை. கைப்பிடி கைப்பிடியாக அடைகிறது. வாய் அடைந்தால் கடல்நீர் உள்ளே வராது. உள்ளே தேங்கிய நீர் கருக்கும், நாறும், மீன் மிதக்கும். அப்புறம் பொக்லைன் கொண்டுவந்து மணலை வெட்டுவார்கள். வெட்டிய அன்றே கடல் உள்ளே புகுந்துவிடும். நாளுக்கு இரண்டு முறை ஏறுவதும் இறங்குவதுமாக ஆற்றைக் கழுவும். மடவை மீன் ஏறி வரும். சேற்றில் நண்டு நடமாடும். கொக்கும் மடையானும் மீன்கொத்தியும் திரும்பும். இந்த மாதங்களில் வடக்கே குளிர் தேசங்களிலிருந்து உள்ளான்கள் பறந்து வந்து அந்தச் சேற்றில் இரை பொறுக்கும்.

இறைவாக்கினர் எசேக்கியேல் கண்ட காட்சியில் கோவிலிலிருந்து புறப்பட்ட ஆறு கடலைக் குணமாக்கியது. இங்கே கடல் ஆற்றைக் குணமாக்க வருகிறது. மணல் அடைத்திருந்த மாதங்களிலும் கடல் வராமல் இல்லை, சகோதரர்களே. ஒவ்வொரு நாளும் அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து மோதிக்கொண்டுதான் இருந்தது. உங்கள் வாசலை அடைத்திருக்கும் மணல் எது? பல ஆண்டாக அண்ணனோடு பேசாமல் இருப்பதா? யாருக்கும் தெரியாது என்று உள்ளே பூட்டி வைத்த பாவமா? பயப்படாதீர்கள். மேடு முழுவதையும் நீங்கள் அகற்ற வேண்டியதில்லை. ஒரு வாய்க்கால் அகலம் வெட்டினால் போதும். மீதியைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போகும்.

இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. கழிமுகத்தின் கிளையான ஓடையில் ஆண்டுக்கணக்காகக் கட்டட இடிபாடுகளையும் குப்பையையும் கொட்டி மூடியிருந்தோம். பிறகு 58 ஏக்கரில் அதையெல்லாம் அள்ளி, அலையாத்தி மரங்கள் நட்டு, தண்ணீருக்கு வழிவிட்டார்கள். 2011-இல் அது பூங்காவாகத் திறக்கப்பட்டது. பறவைகளை யாரும் அழைத்து வரவில்லை. அவையே வந்தன.

2015-ஐ மறக்க முடியுமா? அந்த ஆண்டு ஜூன் மாதம்தான் திருத்தந்தை பிரான்சிஸ், நம் பொதுவான இல்லமாகிய பூமியைப் பேணச் சொல்லிச் சுற்றுமடல் தந்தார். டிசம்பர் முதல் தேதி இரவு ஆறு நம் வீடுகளுக்குள் வந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர். ஆற்றின் இடத்தில் நாம் வீடு கட்டியிருந்தோம். அது தன் பழைய வழியைத் தேடி வந்தது. குப்பங்களிலிருந்து மீனவச் சகோதரர்கள் படகோடு வந்து, பேர் தெரியாதவர்களையும் மாடியிலிருந்து இறக்கினார்கள். பின்னர் கரையோரக் குடிசைகளில் இருந்த ஏழைகளைத் தொலைவில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். ஆற்றை நெருக்கியவர்கள் அவர்கள் மட்டும்தானா? ஞாயிறு திருப்பலியில் அவர்கள் அமர்ந்த இடம் காலியாக இருப்பதைப் பார்க்கும்போது என் நெஞ்சு கனக்கிறது. பெரும்பாக்கம் போகிறவர்கள் அவர்களை விசாரித்து வாருங்கள். நாங்கள் மறக்கவில்லை என்று சொல்லுங்கள்.

இன்று ஐந்து மணிக்குக் கல்லறையில் திருப்பலி. மெழுகுவத்தி ஏற்றிய பிறகு பிள்ளைகளைத் திரு.வி.க. பாலத்துக்குக் கூட்டிப்போய், வந்திருக்கும் பறவைகளைக் காட்டுங்கள். ஒப்புரவு அருளடையாளம் பெற விரும்புகிறவர்களுக்காக நான் நான்கு மணியிலிருந்தே கல்லறை வாசலில் உட்கார்ந்திருப்பேன்.