இரக்கமா, நீதியா?

பேசாலைப் பாஸ்கு மேடையில் நீங்கள் கண்ட யூதரை நினைத்துப் பாருங்கள். ஆண்டவரைச் சிலுவையில் அறையும்படி கூக்குரலிட்ட கூட்டம். நம்மில் பலருக்குத் தெரிந்த யூதர் அவ்வளவுதான். அந்தப் பழியை யூத இனம் முழுவதன்மீதும் சுமத்தலாகாது என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது.

2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கி, நமது தீவில் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. உதவிக்கு வந்தவர்களுள் 'ஜொயின்ற்' எனப்படும் அமெரிக்க யூதர்களின் நிவாரணச் சபையும் ஒன்று. 1914இல், போரினால் பட்டினியில் வாடிய பலஸ்தீன யூதருக்காக 50,000 டொலர் கேட்டு நியூயோர்க்குக்குப் போன ஒரு தந்தியினால் பிறந்தது அது. தம்மவருக்காகத் தொடங்கிய சபை, அந்நியராகிய நம்மிடம் ஏன் வந்தது?

விடையை அவர்களது வேதத்திலும் மொழியிலும் காணலாம். எகிப்தில் அந்நியராய் இருந்ததை மறவாமல் அந்நியரை நேசிக்கும்படி லேவியர் ஆகமம் கட்டளையிடுகிறது. தர்மத்துக்கு அவர்கள் வழங்கும் சொல் 'செதாக்கா'. அதன் வேர்ச்சொல்லின் பொருள் நீதி. நாம் இரக்கம் என்பதை அவர்கள் கடமை என்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடஸ் என்னும் யூத அறிஞர் தர்மத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். மனமின்றிக் கொடுப்பது கடைசிப் படி. கடனோ கூட்டுத்தொழிலோ வேலையோ தந்து, மறுபடி கையேந்தாதபடி ஒருவனை நிமிர்த்துவதே முதற் படி.

இந்த அளவுகோலை முள்ளிக்குளத்துக்குக் கொண்டு வாருங்கள். 2007 செப்ரெம்பரில் அந்தச் சனங்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஊர் கடற்படை முகாமாயிற்று. பின்னர் மலங்காட்டில் கொட்டில் போட்டவர்களுக்கு அரிசியும் தகரமும் தேவைப்பட்டன. ஆனால் வயலும் குளமும் வலை இழுக்கும் கரையும் இருந்த மனிதனை நிவாரண வரிசையில் நிறுத்தியது எது? 2017இல் அவர்கள் வீதியோரத்தில் அமர்ந்து கேட்டது மாவும் சீனியும் அல்ல, மண். ஒரு மாதத்துக்கு மேல் போராடிய பின்னரே, ஏப்ரல் கடைசியில், 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது.

பசித்தவனிடம், நீதி வரும்வரை பொறு என்பது கொடுமை. அரிசியைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அரிசியைக் கொடுத்துவிட்டு, பறிபோன அவன் நிலத்தைப் பற்றி வாய்மூடி இருந்தால் அது பாதித் தர்மமே. அடுத்த முறை ஒரு பொட்டலத்தை நீட்டும்போது உங்கள் மனச்சாட்சியைக் கேளுங்கள்: இவன் இனி என்னிடம் வரத் தேவையில்லாதபடி நான் என்ன செய்தேன்?