கொத்தல் வரிசையும் வளர்ப்போர் பொறுப்பும்

பல காலம் ஒன்றாக மேய்ந்து ஒரே கூட்டில் அடைந்து பழகிய முதிய பேடுகளிடையே, நான்கு மாதம் நிரம்பிய இளம் பேடொன்றைக் கொண்டுபோய் விட்டால் நிகழ்வது யாதென்பதைக் கோழி வளர்ப்போர் அனைவரும் அறிவர். மூத்தவை கழுத்திறகைச் சிலிர்த்துக்கொண்டு வந்து சூழும்; தலையிலும் கொண்டையிலும் கொத்து விழும். புதியது மூலையில் ஒடுங்கி நிற்கும். இதனைக் கண்டிரங்குவோர்க்கு வழமையாகக் கிடைக்கும் ஆறுதல் ஒன்றுண்டு: "அது கோழியின் இயல்பு, சில நாளிற் சரியாகிவிடும்." இக்கூற்றின் இரு பகுதிகளும் பெரும்பாலும் உண்மையே. ஆயின், இவ்விரு உண்மைகளையும் கூட்டி, "ஆகவே இதிற் பிழையேதுமில்லை" என்னும் முடிவைப் பெறுதல் தகுமா என்பதே ஆராயற்பாலது.

கோழிகளிடையே நிலவும் ஏற்றத்தாழ்வை முறையாக ஆராய்ந்த முன்னோடி, நோர்வே நாட்டவரான தோர்லைப் ஷெல்டெரூப்-எப்பே என்பவராவர். எக்கோழி எக்கோழியைக் கொத்துகின்றது என்பதைச் சிறுவயதிலேயே குறித்துவைக்கத் தொடங்கிய அவர், 1922இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்ட கட்டுரையே ‘கொத்தல் வரிசை’ என்னும் கருத்தைப் பரப்பியது. முதலாவது பேடு எல்லாவற்றையும் கொத்தும். கடைசிப் பேடு எதனையும் கொத்தாது. எனினும் வரிசை எப்போதும் நேர்கோடாய் அமைவதில்லை. முதற்பேடு இரண்டாவதைக் கொத்த, இரண்டாவது மூன்றாவதைக் கொத்த, மூன்றாவதோ முதற்பேட்டையே கொத்தும் முக்கோணங்களையும் அவர் கண்டார். இவ்வரிசையை எடுத்துக்காட்டி மனித சமுதாயத்தின் படிநிலைகளை நியாயப்படுத்துவோர், இம்முக்கோணங்களைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

வரிசைக்குச் சார்பாகக் கூறத்தக்கதை மறைத்தல் நேர்மையாகாது. 1944இல் கூல், ஆலி என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், நிலைபெற்ற கோழிக் கூட்டங்களையும், உறுப்பினர் அடிக்கடி மாற்றப்பட்ட கூட்டங்களையும் ஒப்பிட்டனர். நிலைபெற்ற கூட்டங்களிற் கொத்துக் குறைந்திருந்தது. அவை கூடுதலாக உண்டன. முட்டையும் கூடுதலாக இட்டன. தன்னிடம் எதுவென அறிந்த கோழி ஒவ்வொரு பிடி தீனுக்கும் போரிட வேண்டியதில்லை. ஒருமுறை தீர்க்கப்பட்ட வழக்கு, பின்னர் ஒரு பார்வையாலேயே தீர்ந்துவிடுகின்றது. ஆகவே வரிசை ஒரு வகையில் அமைதியே. ஆயினும் அவ்வமைதிக்குரிய விலையை யார் செலுத்துகின்றனர் என்ற வினா எஞ்சுகின்றது. அதனைச் செலுத்துவது, அவ்வொழுங்கை அமைப்பதிற் பங்குபற்றாது பிந்தி வந்து சேர்ந்த உயிரே.

‘இயற்கை’ என்னும் சொல்லின் மயக்கத்தை யோன் ஸ்டுவர்ட் மில், அவர் மறைந்த பின் 1874இல் வெளியான கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்துள்ளார். இயற்கை நாள்தோறும் செய்யும் செயல்களை ஒரு மனிதன் செய்தால், அவன் கொடியோனெனத் தண்டிக்கப்படுவான் என்பது அவரது வாதத்தின் சாரம். ஒன்று இயல்பாய் நிகழ்கின்றது என்பதிலிருந்து அது நிகழ்தல் நன்று என்பது பெறப்படாது. கோழிக்கூட்டைப் பொறுத்தவரை இதனினும் நெருங்கிய ஒரு தடையுமுண்டு. அங்கு நிகழ்வது இயற்கை மட்டுமன்று. கூட்டின் அளவை வகுத்தவர் கோழியல்லர். தீனி ஒரே பாத்திரத்தில் வைக்கப்பட்டமையும், புதிய பேடு துணையின்றித் தனியே விடப்பட்டமையும், ஓடியொளிய ஒரு மறைவும் இல்லாமற் போனமையும் மனிதர் செய்த ஏற்பாடுகள்.

பழகிய கைகள் இவற்றை வேறுவிதமாகச் செய்கின்றன. புதியவை நோயற்றவை என்பது உறுதியாகும்வரை அவை தனியே வைக்கப்படும். பின்னர், ஒன்றையொன்று காணத்தக்கதாகவும் கொத்தமுடியாததாகவும், கம்பிவலைக்கு அப்பால் ஓரிரு வாரம் இருத்தப்படும். ஒன்றாக அன்றி மூன்று நான்காகவே, அதுவும் மூத்தவற்றின் உடலளவை அண்மிய பின்பே, அவை உள்ளே விடப்படும். தீனும் நீரும் இரண்டு மூன்று இடங்களில் வைக்கப்படும். ஒரு மூத்த பேடு எத்துணை வலிதாயினும் எல்லாவற்றையும் ஒருங்கே காத்துநிற்க அதனால் இயலாது. இருளிற் பரணில் ஏற்றிவிடும் தந்திரத்தையும் சிலர் கையாள்வர். விடிந்ததும் மூத்தவை கண்திறந்து அந்நியரைக் கண்டுகொள்ளுமாதலால், அதன் பயன் சிறிதே.

இன்னொரு சான்றும் கருதத்தக்கது. வில்லியம் மியூர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், தனித்தனியே மிகுதியாக முட்டையிட்ட கோழிகளைத் தெரிவதை விடுத்து, கூட்டாக நன்கு வாழ்ந்த கோழிக் குழுக்களையே தெரிந்து இனம்பெருக்கினார். 1996இல் வெளியான அவரது முடிவின்படி, கூட்டில் ஆண்டொன்றுக்கு நிகழ்ந்த இறப்பு, இரண்டாந் தலைமுறையில் 68 வீதமாயிருந்து நான்காந் தலைமுறையில் 8.8 வீதமாகக் குறைந்தது. கோழியின் இயல்பெனக் கருதப்பட்டதிற் பெரும்பங்கு, எதனைத் தெரிவது என்னும் மனிதத் தீர்மானத்தின் விளைவாயிருந்திருக்கின்றது.

பல்கலைக்கழக விடுதிகளிற் புதுமுக மாணவர் படும் பாட்டுக்கும் இதே இயல்பு வாதம் துணைக்கழைக்கப்படுவதுண்டு. இலங்கையிற் பகிடிவதை, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தாற் குற்றமாக்கப்பட்டது, ஆயினும் ஒழிந்தபாடில்லை. வர்க்க வேறுபாட்டை அழித்து அனைவரையும் ஒன்றாக்குகின்றது என்பதே அதன் ஆதரவாளர் கூறும் மிகச் சிறந்த நியாயம். அவமதிப்புச் சமமாகப் பங்கிடப்படுவதாற் சமத்துவம் உண்டாகுமென்பது ஐயத்துக்குரியது. பங்கிடுவோர் அப்பந்தியில் அமர்வதில்லை. "நாங்களும் பட்டோம்" என்பது மற்றொரு நியாயம். மேலிருந்து கொத்துண்ட பேடு கீழுள்ளதைக் கொத்துவதும் இவ்வாறே. ஆயினும் பேடு தன் செயலுக்குப் பயிற்சியென்று பெயரிடுவதில்லை. ஒப்புமை இங்குதான் முறிகின்றது. கோழிக்குக் கூட்டின் கதவு தெரியாது. சிரேஷ்ட மாணவனோ, கொத்தும் கோழியாயும் கதவைத் திறக்கும் கையாயும் ஒருங்கே இருக்கின்றான். நிருவாகத்தின் கையும் அக்கதவிலேயே உள்ளது.

எத்துணை ஏற்பாடு செய்யினும் சிறிது கொத்து நிகழவே செய்யும். ஒவ்வொரு முறையும் குறுக்கிட்டுப் புதியதைத் தூக்கி அகற்றினால், வரிசை நிலைபெறாது துன்பமே நீளும். எனவே, இரத்தம் காணும்வரை தலையிடற்க என்பது வளர்ப்போரிடை வழங்கும் விதி. இரத்தங்கண்ட இடத்தை ஏனையவையும் விடாது கொத்துமாதலால் அவ்வெல்லை காரணமற்றதன்று. ஆயின் அது போதிய எல்லையுமன்று. உடலில் ஒரு காயமுமின்றி, நாள் முழுதும் தீனுக்கு ஓரடி எட்ட நின்று, மூத்தவை திரும்பிப் பார்க்குந்தோறும் பின்வாங்கி மெலியும் பேடுமுண்டு. அதற்கு இரத்தம் வராது, சத்தமும் வராது. இதனையறிந்த வளர்ப்போர் மாலையிற் கோழிகள் அடைந்த பின் கூட்டுக்குட் கையை நுழைத்து, பரணின் கடைசியில் ஒதுங்கியிருக்கும் பேட்டின் கழுத்தடியிலுள்ள இரைப்பையைத் தடவிப் பார்ப்பர். அது நிறைந்திருந்தாற் கதவைச் சாத்துவர். வெறுமையாயிருந்தால், மறுநாள் விடியுமுன் இன்னொரு பாத்திரம் வைக்கப்படும்.